ஊசிமுனை நிற்க வேண்டிய இடம்

முடக்குவாதம் என்றதும் மூட்டு வீக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் காலையில் விரல் மடங்காமல் தவிக்கும் பலருக்கு, விரலை இழுக்கும் தசைநாணின் உறையும் சேர்ந்தே வீங்கியிருக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் அதே வகை மென்சவ்வு இந்த உறையின் உட்புறத்திலும் படர்ந்திருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அந்தச் சவ்வைத் தாக்கும்போது உறையும் தப்புவதில்லை.

இதை வெறும் வலி என்று விட்டுவிடுவது ஆபத்து. மணிக்கட்டின் மேற்புறத்தில், கையையும் விரல்களையும் நீட்டும் தசைநாண்கள் ஆறு தனித்தனிப் பாதைகளில் ஓடுகின்றன. அங்கே அழற்சி நீடித்தால் தசைநாண் நைந்து அறுந்துபோகலாம். திடீரென்று ஒருநாள் சுண்டுவிரல் நிமிராது; அப்போது வலிகூட இல்லாமல் இருக்கலாம். பிறகு அறுவைச் சிகிச்சையைத்தான் நாட வேண்டியிருக்கும்.

அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டு கெட்டி. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார். 1950இல் அவருக்கும், இத்தகைய ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஸ்டீராய்டை மாத்திரையாக நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று உடம்பு முழுக்கத் தொல்லை. வீங்கிய இடத்திலேயே ஊசியால் சிறிதளவு செலுத்துவது அதனால்தான்.

சிக்கல் அந்த இடத்தின் அளவில் இருக்கிறது. உறைக்கும் தசைநாணுக்கும் நடுவே உள்ள வெளி மில்லிமீட்டர் கணக்குதான். ஊசி தசைநாணுக்குள்ளேயே இறங்கிவிட்டால், காக்க வந்த மருந்தே அதைப் பலவீனப்படுத்தும். தோலடியில் மருந்து கசிந்தால் அந்த இடம் வெளுத்துக் குழி விழலாம். உள்ளங்கைப் பக்கம் என்றால் நரம்பும் அருகிலேயே இருக்கிறது.

கையால் தடவிப் பார்த்துப் போடுவதைவிட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசியை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். கதிர்வீச்சு கிடையாது. திரையில் தசைநாண் வெளிர் இழைகளாகவும், உறைக்குள் தேங்கிய நீர் கறுப்பாகவும் தெரியும். அதிலேயே டாப்ளர் வசதியைப் போட்டால், அழற்சி கனன்றுகொண்டிருக்கும் இடத்தில் இரத்த ஓட்டம் வண்ணமாக ஒளிரும். ஊசி ஒரு வெண்கோடாக நகர்ந்து உறைக்குள் நுழைவதையும், மருந்து தசைநாணைச் சூழ்ந்து பரவுவதையும் மருத்துவர் அப்போதே பார்க்கிறார்.

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் ஸ்கேன் கருவியைப் பதிவு செய்தே வைத்திருக்க முடியும். அவசியமான சட்டம் அது. அதனால் உங்கள் மூட்டுவாத மருத்துவரிடம் கருவி இல்லாவிட்டால் ரேடியாலஜி மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்த அலைச்சல் தகும்.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் வலி கூடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். அதன் அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோ, சிவந்து சூடாகும் வீக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வலி விட்டதும், முடக்குவாதத்துக்கு அடிப்படை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. ஊசி அந்த ஓர் இடத்துக்கு மட்டுமே. ஒரே இடம் திரும்பத் திரும்ப வீங்கினால் அடுத்த ஊசியைக் கேட்பதற்கு முன், அடிப்படை மருந்தின் அளவு போதுமா, மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.