அச்சுச் செலவு: கால் அங்குலத்தில் போகும் காசு

கடை நடத்தும் எல்லோரும் வருடம் முழுவதும் ஏதாவது ஒன்றை அச்சடித்துக்கொண்டேதான் இருக்கின்றோம். பில் புத்தகம், விசிட்டிங் கார்ட், துண்டுப்பிரசுரம், பொதிகளுக்கான லேபல், கலண்டர், இனிப்புப் பெட்டி என்று பட்டியல் நீளும். சரக்குக் கொள்வனவில் ஒரு ரூபாவுக்கும் பேரம் பேசுகின்ற நாம், அச்சகத்தில் மட்டும் "எவ்வளவு வரும்?" என்று கேட்டு, சொன்ன தொகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வதோடு நின்றுவிடுகின்றோம். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

2022ஆம் ஆண்டு பலரையும் அப்படிக் கேட்க வைத்தது. அவ்வருடம் மார்ச் மாதம் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவை எட்டியது. நாம் அச்சுக்குப் பாவிக்கும் கடதாசியில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால், அந்த ஏற்றம் முழுவதும் எமது பில்லில் வந்து விழுந்தது. கடதாசியின் விலையை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் எத்தனை தாள் செலவாக வேண்டும் என்பதில் எமக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. அதைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றேன்.

நான் கற்ற பாடம்

சில வருடங்களுக்கு முன் பெருநாள் விற்பனைக்காக 10,000 துண்டுப்பிரசுரங்கள் அடிக்க வேண்டியிருந்தது. உயரம் 10 அங்குலம், அகலம் 7 அங்குலம். டிசைனைக் கணினியில் முழுமையாக முடித்துக்கொண்டுதான் அச்சகத்துக்குப் போனேன். 20க்கு 30 அங்குலத் தாளில் அடிப்பதாகவும், 2,500 தாள், அதாவது 5 றீம் வேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. 20 அங்குலத்தில் 10 இரண்டு தரம் போகும், 30 அங்குலத்தில் 7 நான்கு தரம் போகும், ஆகவே ஒரு தாளில் எட்டுப் பிரசுரம் வர வேண்டுமே! 1,250 தாள் போதுமே! ஏமாற்றுகின்றார்கள் என்று நினைத்து வேறோர் அச்சகத்துக்குப் போனேன்.

அங்கே கணினிக்கு முன்னால் இருந்த தம்பி என் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "நானா, மெஷின் தாளைக் கவ்விப் பிடிக்கிற ஓரத்தில மை படாது. சுற்றி வெட்டவும் இடம் வேணும். அதையெல்லாம் கழிச்சா 19½க்கு 29½தான் மிஞ்சும்" என்றார். 19½ அங்குலத்தில் 10 ஒரு தரம்தான் போகும். ஒரே திசையில் அடுக்கினால் ஒரு தாளில் நான்குதான். முதல் அச்சகம் சொன்ன கணக்கு அதுதான்; அவர்கள் ஏமாற்றவில்லை.

அந்தத் தம்பி அதோடு நிற்கவில்லை. அளவுகளை மென்பொருளில் கொடுத்தார். நான்கைக் குறுக்காகவும், மிஞ்சிய பட்டையில் இரண்டை நெடுக்காகவும் வைத்து ஆறு பிரசுரங்களைத் திரையில் காட்டினார். 2,500 தாள் 1,667 ஆகியது. பிறகு, "உயரத்தில கால் அங்குலம் விட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். 10 அங்குலத்தை 9¾ ஆக்கியதும் 19½ அங்குலத்தில் சரியாக இரண்டு உட்கார்ந்தது. ஒரு தாளில் எட்டு. 1,250 தாள். கால் அங்குலத்துக்காக நான் கடதாசிக்கு இரண்டு மடங்கு கொடுக்க இருந்தேன். அந்தக் கால் அங்குலக் குறைவை ஒரு வாடிக்கையாளரும் கவனிக்கவில்லை.

மென்பொருள் செய்வது என்ன?

முன்னர் அச்சகங்களில் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பிலிம் துண்டுகளை வைத்து, அளந்து, டேப் ஒட்டித்தான் ஒரு தாளுக்குரிய ஒழுங்கைத் தயாரிப்பார்கள். பல மணித்தியால வேலை. ஆகவே கைக்குப் பழகிய ஒழுங்கையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். இன்னும் இரண்டு விதமாக வைத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இப்போது அந்த வேலை கணினியில் நடக்கின்றது. தாளின் அளவு, இயந்திரம் கவ்வும் ஓரம், வெட்டுக்கு விடும் இடம், எத்தனை பிரதி என்பவற்றைக் கொடுத்தால், எத்தனை விதமாக வைக்கலாம், எதில் எவ்வளவு கடதாசி வீணாகும் என்று மென்பொருள் காட்டுகின்றது. பெரிய அச்சகங்களில் கொடாக் பிரெப்ஸ், ஹைடல்பேர்க் சிக்னா ஸ்டேஷன் போன்றவை உள்ளன. சிறிய அச்சகங்களுக்கு அக்ரோபட்டோடு சேர்ந்து இயங்கும் குவைட் இம்போசிங் போன்ற சிறு மென்பொருள்களே போதும். கோரல்ட்ரோவிலும் இன்டிசைனிலும்கூட இதற்கான சாதாரண வசதிகள் இருக்கின்றன. வியாபாரிகளாகிய நாம் இவற்றில் எதையும் வாங்க வேண்டியதில்லை. எமது அச்சகத்தில் இந்த வேலை நடக்கின்றதா என்று தெரிந்திருந்தால் போதும்.

பல வேலைகள், ஒரே தாள்

பிரதிகள் அதிகமாக உள்ள வேலையில் பெரிய செலவு கடதாசி. பிரதிகள் குறைந்த வேலையில் பிளேட்டும் இயந்திரத்தைத் தயார் செய்வதுமே பெரிய செலவு. மையும் நிறமும் சரியாகும் வரை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டுத் தாள் கழிவாகப் போகும்.

தூள் வகைகள் பொதி செய்யும் ஒருவரை உதாரணமாக எடுப்போம். மிளகாய்த்தூளுக்கு 12,000 லேபல், கறித்தூளுக்கு 8,000, மஞ்சள்தூளுக்கு 4,000. எல்லாம் ஒரே அளவு, நான்கு நிறம், ஒரு தாளில் 12 லேபல் கொள்ளும். தனித்தனியாக அடித்தால் 12 பிளேட். மூன்று தரம் இயந்திரத்தைத் தயார் செய்ய வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் 6, 4, 2 என்று பிரித்து வைத்தால் 2,000 தாளில் மூன்றும் ஒன்றாக முடியும். பிளேட் நான்குதான், தயார் செய்வதும் ஒரு தரம்தான்.

ஆனால் இந்த விகிதம் பொருந்த வேண்டும். மஞ்சள்தூளுக்கு 1,000 லேபல்தான் தேவை என்றால், அதற்கு ஓரிடம் மட்டும் கொடுத்தாலும் 2,000 வந்துவிடும். மிச்சமான இடத்தை மிளகாய்த்தூளுக்குக் கொடுத்தால் அதுவும் 14,000 ஆகும். மேலதிகமாக அடித்த லேபல் றாக்கையில் கிடந்து, விலையோ முகவரியோ மாறியதும் குப்பைக்குப் போனால் அதுவும் விரயம்தான். ஒன்றாகச் சேர்ப்பதா, பிரிப்பதா என்ற கணக்கையும் நல்ல மென்பொருள்கள் போட்டுக் காட்டும். எந்த லேபல் எவ்வளவு விற்கும் என்ற கணக்கு மட்டும் எம்மிடம்தான் இருக்கின்றது.

சிறப்பு மலர் அடிப்பவர்களுக்கு

சங்கங்களும் பாடசாலைகளும் மலர் வெளியிடும்போது பக்கக் கணக்கு கடைசி வரை இழுபடும். மலர்கள் பெரும்பாலும் 16 பக்க மடிப்புகளாகவே அச்சாகின்றன. 64 பக்கம் என்றால் நான்கு மடிப்பு. கடைசி நேரத்தில் இரண்டு வாழ்த்துச் செய்தியும் இரண்டு விளம்பரமும் வந்து 68 ஆனால், அந்த நான்கு பக்கத்துக்காகத் தனி பிளேட், தனி ஓட்டம், தனி மடிப்பு. அந்த விளம்பரங்களுக்குக் கிடைத்த பணம் இந்தச் செலவுக்குப் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றில் 64க்குள் அடக்குங்கள். அல்லது இன்னும் விளம்பரம் சேர்த்து 72 அல்லது 80 ஆக்குங்கள்.

மென்பொருளை நம்பிக் கெடக்கூடாத இடங்கள்

கடதாசிக்கு மரப்பலகையைப் போல நார் ஓடும் திசை உண்டு. துண்டுப்பிரசுரத்தில் சிலதைக் குறுக்காக வைத்தால் பாதகமில்லை. ஆனால் மடிக்கும் கார்டிலும் பெட்டியிலும் நாருக்குக் குறுக்காக மடிப்பு விழுந்தால் மடிப்பில் வெடிக்கும். தாளை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெட்டியே பழுதாகிவிடும். அதேபோல, கடும் சிவப்பு லேபலோடு ஒரே வரிசையில் மெல்லிய நிறமுள்ள லேபல் வந்தால், ஒன்றின் நிறத்தைச் சரிசெய்யும்போது மற்றதன் நிறம் மாறும். கடதாசியின் வகையும் தடிப்பும் வேறாக இருந்தால் ஒரே தாளில் சேர்க்கவே முடியாது. இவற்றை அனுபவமுள்ள அச்சுத் தொழிலாளி சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது

1. டிசைனை முடித்துக்கொண்டு போக வேண்டாம். அளவைப் பேசித் தீர்த்த பின்னரே டிசைனைத் தொடங்குங்கள்.

2. "எந்த அளவுத் தாளில் அடிக்கின்றீர்கள், ஒரு தாளில் எத்தனை வரும்?" என்று கேளுங்கள்.

3. "அளவை எவ்வளவு மாற்றினால் இன்னும் கூடுதலாக வரும்?" என்று கேளுங்கள். மாற்றிய பின் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கின்றதா என்றும் பாருங்கள்.

4. இன்னும் இரண்டு மூன்று மாதங்களில் தேவைப்படும் வேலைகளையும் இப்போதே சொல்லுங்கள். ஒன்றாகச் சேர்க்க முடிந்தால் இருவருக்கும் இலாபம்.

5. விலை கேட்கும்போது கடதாசி, பிளேட், அச்சுக் கூலி, வெட்டும் மடிப்பும் என்று பிரித்துக் கேளுங்கள்.

அச்சகம் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் அங்குலத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அன்றைய பில்லில் சில றீம் குறையலாம். எனக்கு அதைச் சொல்லித் தந்த அச்சகத்தை விட்டு நான் இன்றுவரை வேறெங்கும் போகவில்லை.