கையெட்டும் தூரத்தில் ஓஆர்எஸ். எழுதித் தரத் தயங்கும் மருத்துவர்கள்: நெறிமுறைக்கும் நடைமுறைக்கும் இடையே நடப்பது என்ன?

புதுடெல்லி: இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு நாட்களாக வயிற்றுப்போக்கு. தந்தை அருகிலுள்ள தனியார் மருத்துவரிடம் சென்று, என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறார். இக்கேள்விக்கான விடையில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. ஓஆர்எஸ் கரைசல் கொடுக்க வேண்டும். அதனுடன் 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரை தர வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் கலந்திருந்தாலோ, காலரா என்ற ஐயம் இருந்தாலோ தவிர, ஆன்டிபயாடிக் மருந்துக்கு வேலையே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் துத்தநாகத்தைச் சேர்த்து 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட கூட்டறிக்கையும், மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறைகளும் இதையே கூறுகின்றன. இருந்தும், அந்தத் தந்தை ஆன்டிபயாடிக் சிரப்புடன் வீடு திரும்புவது நாட்டின் பல ஊர்களில் அன்றாடக் காட்சியாகவே உள்ளது.

மருத்துவ ஆய்வுகள் நிரூபித்த ஒன்று, மருத்துவரின் மேசையில் நடைமுறையாக மாறுவதற்குள் என்ன ஆகிறது என்பதை அறிய ஓஆர்எஸ் கரைசலை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்க முடியாது. ஏனெனில், இது விலை மலிவானது, எளிமையானது, பெரும்பகுதி இந்திய மண்ணிலேயே நிரூபிக்கப்பட்டது.

போங்காவ்ன் முகாமில் பிறந்த சான்று:

கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழித் திரவம் கொடுத்துப் பெற்ற அனுபவத்தை 1953-ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அப்போது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. குடல் சுவரில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றாகவே உள்ளே இழுக்கப்படுகின்றன என்பது 1960-களில் தெளிவானது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்த வாயில் மூடிக்கொள்வதில்லை. சோடியம் செல்லும் வழியில் நீரும் பின்தொடர்கிறது. வெறும் தண்ணீரால் இயலாததை, சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் செய்துவிடுவதன் காரணம் இதுவே.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ்ன் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் தலைமையிலான குழுவினர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலமிட்டு, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்தனர். அதற்கு முன் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு விகிதம், சிகிச்சை பெற்ற சுமார் 3,700 பேரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மஹலனாபிஸ் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

போர்க்கால முகாமில் நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்கப்பட்ட சிகிச்சை இது. அதே சிகிச்சை, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் எல்லாக் குழந்தைகளையும் சென்றடையவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஓஆர்எஸ் பெற்றோர் 2015-16-இல் 50.6 விழுக்காடு, 2019-21-இல் 60.6 விழுக்காடு. துத்தநாகம் பெற்றோர் 20.3 விழுக்காட்டிலிருந்து 30.5 விழுக்காடாக மட்டுமே உயர்ந்தனர். முன்னேற்றம்தான், எனினும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அந்தப் பொட்டலம் கிடைக்கவில்லை.

அறியாமை மட்டும் காரணமா?

மருத்துவர்களுக்குத் தெரியவில்லை, பயிற்சி அளித்தால் சரியாகிவிடும் என்பதே நெடுங்காலமாக நிலவிய எண்ணம். பீகாரில் நடத்தப்பட்டு 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இந்த எண்ணத்தை அசைத்தது. முதலில் கிராமப்புற மருத்துவம் செய்வோரிடம் ஒரு நோயாளியின் நிலையை வாய்மொழியாக விவரித்து, என்ன சிகிச்சை அளிப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. பின்னர், பயிற்சி பெற்ற நடிகர்கள் அதே நோய்க் குறிகளுடன் கூடிய குழந்தையின் பெற்றோராக அவர்களிடம் அனுப்பப்பட்டனர். ஓஆர்எஸ் இல்லாமல், தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துகளைக் கூறியவர்கள் முதல் சோதனையில் சுமார் 21 விழுக்காடு. நேரில் வந்த 'பெற்றோரிடம்' அதையே செய்தவர்கள் சுமார் 72 விழுக்காடு. முற்றிலும் சரியான சிகிச்சையை வாய்மொழியில் கூறியவர்களே 3.5 விழுக்காட்டினர்தான், நேரில் ஒருவர்கூட அதை அளிக்கவில்லை. அறிவு குறைவாக இருந்தது உண்மையே. ஆனால், இருந்த அறிவும் நோயாளி எதிரில் அமர்ந்ததும் பயன்படாமல் போனது.

அப்படியானால் அறிவுக்கும் செயலுக்கும் நடுவில் நிற்பது எது? பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுவதுண்டு. கடையிலோ கிளினிக்கிலோ ஓஆர்எஸ் இருப்பில் இல்லாமல் போவது ஒன்று. ஆன்டிபயாடிக் விற்றால் கிடைக்கும் கூடுதல் வருவாய் மற்றொன்று. நோயாளிகள் ஓஆர்எஸ்ஸை ஒரு மருந்தாகவே மதிப்பதில்லை என்ற மருத்துவரின் எண்ணம் மூன்றாவது.

இவற்றைத் தனித்தனியே பிரித்து அளந்த ஆய்வு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கர்நாடகம், பீகார் ஆகிய இரு மாநிலங்களில் 253 நகரங்களைச் சேர்ந்த 2,282 தனியார் மருத்துவச் சேவையாளர்களிடம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கூறியபடி நடிகர்கள் சென்றனர். சிலர் ஓஆர்எஸ் பொட்டலத்தின் படத்தைக் காட்டி, முன்பு இதைக் கொடுத்தோம், இது போதுமா என்று கேட்டனர். சிலர் ஆன்டிபயாடிக் கேட்டனர். சிலர் எதையும் குறிப்பிடவில்லை. மருந்தை வேறிடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சிலர் கூறினர். இதனால் மருத்துவருக்கு விற்பனை லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. சேவையாளர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பாதிப் பேருக்கு ஆறு வாரங்களுக்குப் போதுமான ஓஆர்எஸ் முன்கூட்டியே வழங்கப்பட்டது.

முடிவு பலரும் எதிர்பாராதது. ஓஆர்எஸ்தான் வேண்டும் என்று பெற்றோர் வெளிப்படுத்தியபோது, அது எழுதித் தரப்பட்ட வாய்ப்பு 28 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காடாக உயர்ந்தது. இருப்பை நிரப்பியதால் கிடைத்த உயர்வு 7 விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே. ஓஆர்எஸ் எழுதித் தரப்படாமல் போவதற்கான காரணத்தில் 42 விழுக்காடு, 'நோயாளி இதை விரும்பமாட்டார்' என்ற மருத்துவரின் ஊகம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இருப்பின்மையின் பங்கு 6 விழுக்காடு. வருவாய் நோக்கத்தின் பங்கு 5 விழுக்காடு.

மருத்துவர்களின் பேராசையே காரணம் என்று எளிதில் குற்றஞ்சாட்டுவோருக்கு இந்த எண்கள் சங்கடம் தரக்கூடும். கட்டணம் கொடுத்துவிட்டு வெறும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரா என்று நோயாளி முகம் சுளிப்பார், அடுத்த முறை எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்று மருத்துவர் அஞ்சுகிறார். நோயாளியோ மருத்துவர் எழுதியதையே நல்ல மருந்து என்று நம்புகிறார். ஒருவர் மனத்தை மற்றவர் தவறாகப் படிக்க, நடுவில் குழந்தைக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக் போய்ச் சேருகிறது.

நெறிமுறையைக் கையில் கொடுத்தால் போதாது:

இத்தகைய இடைவெளி வயிற்றுப்போக்கு சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. பாதுகாப்பான பிரசவத்திற்கென உலக சுகாதார நிறுவனம் 28 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கியது. உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 மருத்துவ நிலையங்களில் இது சோதிக்கப்பட்டது. 1,57,000-க்கும் அதிகமான தாய்மாரும் சிசுக்களும் கண்காணிக்கப்பட்டனர். பட்டியல் அறிமுகமான நிலையங்களில் பயிற்றுநர்கள் எட்டு மாதங்கள் தொடர்ந்து சென்று செவிலியர்களுடன் நின்று வழிகாட்டினர். இரண்டாவது மாதத்தில், கடைப்பிடிக்க வேண்டிய செயல்களில் 73 விழுக்காடு செய்யப்பட்டன; ஒப்பீட்டு நிலையங்களில் இது 42 விழுக்காடுதான். பயிற்றுநர்களின் வருகை முடிந்த பின், 12-ஆவது மாதத்தில் அது 62 விழுக்காடாகச் சரிந்தது. தாய், சேய் இறப்பும் கடும் பாதிப்பும் சேர்ந்த விகிதமோ இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றாகவே, 15 விழுக்காடு அளவில் இருந்தது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான இந்த முடிவைத் தோல்வி என்று மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது. பிரசவ அறையில் செவிலியரின் நடத்தை மாறியது. ஆனால் உயிர் காக்க அது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

மாறாக, உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டில் வேறு பாதை பின்பற்றப்பட்டது. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், தடித்த வழிகாட்டி நூலுக்குப் பதில் எந்த மருந்தை எந்த அளவில் தொடங்கி, அடுத்து எதைச் சேர்ப்பது என்ற எளிய படிநிலை வகுக்கப்பட்டது. மருந்தின் பெயரும் அளவும் முடிவானதால், கொள்முதலும் எளிதாயிற்று. நோயாளிக்கு 30 நாள் மாத்திரை ஒரே முறையில் தரப்பட்டது. வராதவர்களைத் தேடிச் செல்லும் பொறுப்பு செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் அளிக்கப்பட்டது. இத்திட்டம் 2022-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் விருதைப் பெற்றது குறிப்பிடத்தக்கது. மருத்துவரின் மனசாட்சியை மட்டும் நம்பியிராமல், அலமாரியில் மருந்து இருப்பதையும் நோயாளி திரும்பி வருவதையும் உறுதி செய்ததே இதன் பலம்.

பெயரில் ஓஆர்எஸ், உள்ளே சர்க்கரை:

வயிற்றுப்போக்கு சிகிச்சையில் மற்றொரு குழப்பமும் இருந்தது. சர்க்கரை மிகுந்த பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. அளவு மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகரிக்கும் என்று குழந்தை நல மருத்துவர்கள் எச்சரித்து வந்தனர். இத்தகைய பெயர்களை நிபந்தனையுடன் அனுமதித்த முந்தைய உத்தரவுகளை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்க வேண்டும். பொட்டலத்தின் பின்புறத்தில் இந்த அளவுகள் உள்ளனவா என்று பார்ப்பது பெயரைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டாப் டயரியா' இயக்கத்தின் கீழ், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஆஷா பணியாளர்கள் ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும் கொண்டு சேர்க்கின்றனர். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் குடிநீரில் கரைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, மீண்டும் மெதுவாகத் தொடர வேண்டும். கண்கள் குழிவிழுதல், சோர்ந்து மயங்குதல், குடிக்க இயலாமை, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மற்ற நேரங்களில் மருத்துவரைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும் போதுமா என்று தாங்களே முதலில் கேட்கலாம்.