மீசையில் மண் ஒட்டியதை ஒப்புக்கொள்ளும் கலை! - பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நம்மூரில் சொல்வார்கள். தோற்றதை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்களைப் பார்த்துச் சொல்லும் கிண்டல் இது. ஆனால், தோற்பவர் தானாகவே கையைத் தட்டி, 'போதும், நான் தோற்றுவிட்டேன்' என்று சொல்லியே தீர வேண்டிய ஒரு விளையாட்டு இருக்கிறது. தட்டிய அடுத்த நொடி பிடி விடப்படும். இருவரும் கைகொடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேர வகுப்பில் ஒருவர் பத்து முறைகூடத் தோற்கலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. சுருக்கமாக பி.ஜே.ஜே.

ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒல்லியான ஒருவர் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய ஆளைக் கீழே கிடந்தபடியே கால்களால் மடக்கிப் பிடிக்கும் வீடியோ உங்கள் போனிலும் வந்திருக்கும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்குப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்துப் பையனுக்கோ பெண்ணுக்கோ முதல் ஆசிரியர் பெரும்பாலும் போன்தான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மொட்டை மாடியில் வேண்டாம்!

முதலில் இதைச் சொல்லிவிடலாம். வீடியோவைப் பார்த்து நண்பனின் கழுத்தைப் பிடித்துப் பழகாதீர்கள்.

கழுத்துப் பிடி பார்ப்பதற்கு மூச்சை அடைப்பதுபோலத் தெரியும். ஆனால், இந்த விளையாட்டின் பெரும்பாலான கழுத்துப் பிடிகள் குரல்வளையைக் குறிவைப்பதில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அழுத்துகின்றன. பிடி சரியாக விழுந்தால் சுமார் 10 நொடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். வலி பெரிதாக இருக்காது என்பதால், ஆபத்து நெருங்குவது பிடிபட்டவருக்கே தெரியாமல் போகலாம். பிடியை விடாமல் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

பயிற்சிக்கூடத்தில் இதே பிடியைத் தினமும் பழகுகிறார்கள். அங்கே கவனிக்க ஆசிரியர் இருக்கிறார், கீழே மெத்தை இருக்கிறது, 'தட்டினால் விட வேண்டும்' என்ற சட்டம் இருக்கிறது. மொட்டை மாடியில் இந்த மூன்றும் இல்லை.

ஜப்பானில் பிறந்து பிரேசிலில் வளர்ந்தது

ஜப்பானின் பழைய ஜுஜுட்சு கலைகளைச் சீர்படுத்தி, 1882-ல் டோக்கியோவில் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார் ஜிகோரோ கானோ. அதுதான் ஜூடோ. 'ஜு' என்றால் மென்மை, வளைந்துகொடுத்தல். ஆற்று வெள்ளத்தில் நாணல் வளைந்து பிழைக்கிறதே, அந்தத் தத்துவம்தான்.

கோடோகானில் தேறிய மிட்சுயோ மாயேடா பல நாடுகளில் சண்டையிட்டு, 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் அவருடைய தம்பி எலியோ உள்ளிட்ட சகோதரர்களும் தரையில் கிடந்து செய்யும் சண்டையை மட்டும் தனியாக எடுத்து வளர்த்தார்கள். எலியோ மெலிந்த உடல்வாகு கொண்டவர். பலத்தைவிட நெம்புகோல் தத்துவத்தை நம்பும் முறையை அவர் மெருகேற்றியதாகச் சொல்வார்கள்.

1993 நவம்பர் 12-ம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி போட்டி நடந்தது. குத்துச்சண்டை, கராத்தே, மல்யுத்தம் என வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிய அந்தப் போட்டியில், எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். பார்ப்பதற்கு அவர் சாதாரண ஆள்தான். அந்த இரவுக்குப் பிறகு உலகமே இந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜுஜிட்சு, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாக இடம்பெற்றது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணியும் களமிறங்கியது.

நம்ம ஊரில் இல்லாததா?

'இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு' என்று தாத்தா முகம் சுளித்தால், அவரிடம் புறநானூற்றைக் காட்டலாம்.

சோழ இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு மோதிய காட்சியைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடியிருக்கிறார். எண் 80. ஒரு காலை மடித்து மல்லனின் மார்பில் ஊன்றி அழுத்துகிறான். இன்னொரு காலால் அவன் தப்பிக்கச் செய்யும் உபாயத்தைப் பின்புறமாகத் தடுக்கிறான். இன்றைய பி.ஜே.ஜே மெத்தையில் கீழே கிடப்பவர்மீது முழங்காலை ஊன்றி, மறுகாலை அகல வைத்து நிற்கும் ஒரு நிலை உண்டு. அதற்குப் போட்டியில் 2 புள்ளிகள். சங்கப் புலவர் வர்ணித்ததும் ஏறக்குறைய அதேதான்.

பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பெயர். பெரிய மல்லன் என்று அர்த்தம். மாமல்லபுரத்துக்குப் பெயர் அப்படி வந்ததுதான். திருவண்ணாமலை வட்டாரத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில், பீமன் கீசகனைப் பிடித்துப் புரட்டும் இடத்தில் தூங்குகிற குழந்தையும் எழுந்து உட்காரும்.

இன்னொரு தகவல் பலருக்கும் ஆச்சர்யமாக இருக்கும். 1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்து, கடைசிவரை இந்த ஊரைவிட்டுப் போகாத ரமணர், மதுரையில் பள்ளி மாணவனாக இருந்தபோது கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்று சுற்றிய பையன் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள்.

நம் மல்யுத்தத்துக்கும் பி.ஜே.ஜே-வுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. பி.ஜே.ஜே-வில் முதுகு தரையில் பட்ட பிறகுதான் ஆட்டமே சூடுபிடிக்கும். கீழே கிடப்பவர் கால்களால் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொள்வார். இதை 'கார்டு' என்கிறார்கள். அங்கிருந்தே எதிராளியைப் புரட்டலாம், கையை மடக்கலாம், கழுத்தைப் பிடிக்கலாம். விழுந்தவருக்கும் வழி இருக்கிறது என்பதுதான் இந்தக் கலையின் சாரம்.

முதல் மூன்று மாதம் என்ன சொல்லித்தருவார்கள்?

ரீல்ஸில் வரும் பறக்கும் பிடிகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முதலில் விழக் கற்றுத்தருவார்கள். தலை தரையில் மோதாமல், கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளாமல் விழுவது எப்படி என்று.

அடுத்து இடுப்பு. கீழே கிடந்தபடி இடுப்பைப் பின்னுக்கு இழுத்து நகரும் அசைவுக்கு 'ஷ்ரிம்ப்' என்று பெயர். அதாவது, இறால்! இறால் சுருண்டு பின்னால் துள்ளுவதுபோலவே இருக்கும். மேலே உட்கார்ந்திருப்பவரைத் தள்ள இடுப்பை வில்லாக உயர்த்தும் அசைவுக்கு 'பிரிட்ஜ்'. இந்த இரண்டும் உடம்பில் ஊறினால்தான் மற்றதெல்லாம்.

பிறகு நிலைகள். எதிராளியின் மேல் உட்காருவது, பக்கவாட்டில் அழுத்துவது, முதுகைப் பிடிப்பது. போட்டியின் புள்ளிக்கணக்கே இந்த வரிசையைப் புரியவைக்கும். கீழே சாய்த்தால் 2, கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2, எதிராளியின் கால்களைத் தாண்டினால் 3, மேலே உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. எதிராளி தட்டிவிட்டால் புள்ளிக்கணக்கே தேவையில்லை, ஆட்டம் முடிந்தது.

பெல்ட் வரிசை பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. நீல பெல்ட் வாங்கக் குறைந்தது 16 வயது, கறுப்புக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கூட்டமைப்பின் விதி. வயது மட்டும் போதாது. கறுப்பு பெல்ட்டுக்குப் பலருக்கும் பத்து வருடங்கள்வரை ஆகிவிடுகிறது. 'ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட்' என்று யாராவது போஸ்டர் ஒட்டியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

தட்டாதவர் கை உடைந்த கதை

1951 அக்டோபர் 23. ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானம். எலியோ கிரேசியும் ஜப்பானின் ஜூடோ ஜாம்பவான் மசாஹிகோ கிமுராவும் மோதினார்கள். கிமுரா, எலியோவின் கையை முதுகுப்பக்கமாக முறுக்கிப் பூட்டுப் போட்டார். எலியோ தட்டவில்லை. கை உடைந்தது. அப்போதும் தட்டவில்லை. கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் தம்பிக்காகப் போட்டியை நிறுத்தினார். அந்தப் பிடிக்கு இன்றும் 'கிமுரா' என்றுதான் பெயர்.

வீரக்கதையாக இதைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால், நாளை காலை கல்லூரிக்கோ, கடைக்கோ, வேலைக்கோ போக வேண்டிய நமக்கு அது பாடமாகாது. உடைந்த கைக்குப் பயிற்சி கிடையாது. சீக்கிரம் தட்டுகிறவர் அடுத்த நாளும் வகுப்புக்கு வருவார். வருடக்கணக்கில் வருகிறவர்தான் தேறுவார்.

தோல்வி என்றால் உலகமே இடிந்துவிட்டது என்று நினைக்கும் வயது பதின்வயது. ஒரு மதிப்பெண், ஒரு தேர்வு முடிவு என்று பிள்ளைகள் உடைந்துபோவதைப் பார்க்கிறோம். 'தோற்றேன், பரவாயில்லை, மறுபடி ஆடலாம்' என்பதை உடம்பு வழியாகவே வாரத்துக்கு மூன்று நாள் பழக்கும் ஒரு விளையாட்டுக்கு அந்த விதத்திலும் மதிப்பு இருக்கிறது.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அம்மாக்களுக்கு வரும் முதல் தயக்கம், 'இவ்வளவு நெருக்கமாகக் கட்டிப்பிடித்துப் புரள்கிறார்களே' என்பதுதான். நியாயமான தயக்கம். மழுப்பாமல் பேசிவிடலாம்.

ஒரு பெண்ணைக் கீழே தள்ளி அழுத்தினால் என்ன செய்வது என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் விளையாட்டுகளில் இது ஒன்று. மேலே ஒருவரின் எடை அழுத்தும்போது பதறாமல் மூச்சுவிடுவது, இடுப்பை நகர்த்தி இடம் உண்டாக்குவது, எழுந்து ஓடுவது என எல்லாமே இங்கே பழக்கம் ஆகிறது. அதேநேரம், சினிமாவில் வருவதுபோல ஒரே பிடியில் யாரையும் வீழ்த்திவிட முடியாது. எடையும் பலமும் நிஜத்தில் கணக்கில் வரும். தெருவில் நடக்கும் ஆபத்தில் முதல் வேலை தப்பிப்பது, சத்தம் போடுவது, உதவி கேட்பது. 112, பெண்களுக்கான 181 ஆகிய எண்கள் எப்போதும் நினைவில் இருக்கட்டும்.

பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். 'இவரோடு பயிற்சி வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். பெண்களைப் பெண்களோடு ஜோடி சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

திருவண்ணாமலையிலிருந்து எப்படித் தொடங்குவது?

சென்னையும் பெங்களூருவும் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தினமும் போய் வர முடியாது. ஆனால், அடித்தளத்தை உள்ளூரிலேயே போடலாம்.

* நம் மாநில விளையாட்டான கபடியே அருமையான தொடக்கம். கணுக்கால் பிடி, தொடைப் பிடி, இடுப்புப் பிடி எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று படிக்கத் தெரிந்த கபடி வீரருக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.
* ஜூடோ அல்லது மல்யுத்தப் பயிற்சியாளர் அருகில் கிடைத்தால் விடாதீர்கள். விழவும் சாய்க்கவும் அங்கே கற்கலாம்.
* விடுமுறையில் நகரத்து மையத்தில் சில வாரங்கள் பயிலலாம். ஆசிரியர் யாரிடம் பெல்ட் வாங்கினார் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் தயங்காமல் சொல்வார்.
* தனியாகச் செய்யும் இறால் நகர்வு, பிரிட்ஜ் போன்றவற்றை வீட்டில் பாயிலோ மெத்தையிலோ பழகலாம். பிடிகள் மட்டும் ஆசிரியர் முன்னால்தான்.
* நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவையுங்கள். வகுப்பு முடிந்ததும் குளியுங்கள். படர்தாமரை ஒருவருக்கு இருந்தால் மெத்தை வழியாக எல்லோருக்கும் பரவும்; சரியாகும்வரை லீவு போடுங்கள்.
* கழுத்து, முதுகு, மூட்டுப் பிரச்னையோ இதய நோயோ இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே சேருங்கள்.

ஆமூர் மல்லனை வென்ற அந்த இளவரசனுக்கும் அவன் அப்பா தித்தனுக்கும் ஒத்துப்போகவில்லை. பாடிய புலவரின் ஆசையே, 'மகன்மீது பிரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த அப்பா ஒருமுறை வந்து இதைப் பார்க்கட்டும்' என்பதுதான். பிள்ளை ஏதோ புது விளையாட்டு என்று வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்வதற்கு முன் நீங்களும் ஒரு வகுப்புக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.