சுட்டில்லு: ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடு

தட்சிணசித்ரா, முட்டுக்காடு
மண் சுவர், மரச் சட்டம், ஓலைக் கூரை. வட ஆந்திரக் கிராமங்களின் வீட்டு முறைப்படி இங்கே எழுப்பப்பட்டது.

வங்கக் கடலில் மூளும் புயல்கள் அடிக்கடி கரையேறும் பிரதேசத்தில், காற்றின் வேகத்தையும் மழையின் உக்கிரத்தையும் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தறிந்த கிராம மக்கள், மூலைகளே இல்லாதபடி சுவரை வட்டமாக வளைத்து, கூம்பு வடிவக் கூரையை நிலத்தருகே தாழ இறக்கிக் கட்டிக்கொண்ட வாசஸ்தலம் இது. எத்திசையிலிருந்து வீசினும் காற்று தட்டையான சுவரில் மோதி நில்லாமல் சுற்றிக் கடந்துவிடும்; தாழ்ந்த இறவாரம் மண் சுவரை மழைச்சாரலிலிருந்து காக்கும்; கனத்த சுவர் கோடையின் உஷ்ணத்தைத் தடுக்கும்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூர் அருகே கரையேறிய தானே புயலைக் கண்ட மேல்பட்டாம்பாக்கம் முதலிய ஊர்களின் மக்கள், இவ்வடிவத்தின் அவசியத்தை எளிதில் உணர்வார்கள்.

மறைந்துவரும் வீடுகளைத் திறந்தவெளியில் நிறுவி, அவற்றின் வாழ்க்கை முறையோடு சேர்த்துக் காட்டும் சம்பிரதாயத்துக்கு, ஸ்வீடன் தேசத்தின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891இல் ஆர்தூர் ஹசேலியுஸ் தொடங்கிய ஸ்கான்சென் முன்னோடியாகும். தென்னிந்திய மாநிலங்களின் இல்லங்களையும் கைத்தொழில்களையும் அவ்வாறே போற்றும் நோக்கத்துடன், மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் தட்சிணசித்ராவைப் பொதுமக்களுக்குத் திறந்தது.

வாசல் தாழ்வானது, தலை குனிந்து நுழைக. மண் சுவரில் சாயாதிருக்க வேண்டுகிறோம்.