வாக்கும் குரலும்

1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேரே. அந்நிலையில்தான், 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை, முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. வாக்குரிமை பெற்றோர் 17 கோடிக்கு மேற்பட்டோர். எழுத்தறியாதார் எங்ஙனம் வாக்களிப்பர்? வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் பொறித்தனர். வாக்களிக்கும் முறையை வானொலி விளக்கியது; திரையரங்குகள் படமாகக் காட்டின. எனினும் அன்று பேசியது அரசு, கேட்டவர் குடிமக்கள்.

குடிமக்களும் பேச வேண்டாமா? அதற்கு ஒரு வழியே டிஜிட்டல் கதை. 1990-களில் கலிபோர்னியாவில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோர் இதனை ஒரு பயிற்சியாக வளர்த்தனர். தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை, தம் குரலிலேயே, சில படங்களுடன் இரண்டு மூன்று நிமிடங்களில் கூறுவதே இதன் இயல்பு. தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் முதன்முதலாக வாக்களித்தது 1994-இல். பின்னாளில் கேப் டவுனில் ஆசிரியப் பயிற்சி பெற்ற மாணவர், இனவேற்றுமையால் பிரிந்து வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்து, ஒரே அறையில் அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்டனர். கேட்பதும் அங்கே கல்வியாயிற்று.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் கதைக்குப் பஞ்சமா? மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி என்பது பாடம். நீர் தாழுங்கால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்திச் சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளிப்படுகின்றன. அங்கிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பாட்டி, தம் தாய் சொல்லக் கேட்டதைச் சொல்வாராயின், அது பாடத்தின் மறுபாதி. அணையால் விளைந்த வயலும் உண்மை. மூழ்கிய ஊரும் உண்மை. இரண்டையும் அறிந்தவனே நாளை நேர்மையாக வாக்களிப்பான்.

மாணவர்களே, தொடங்குவது எளிது. முதலில் நண்பர் சிலர் வட்டமாக அமர்ந்து கதையை வாய்மொழியாகச் சொல்லுங்கள். எங்கே தெளிவில்லை என்பதைக் கேட்போர் காட்டுவர். பின்னர் ஒரு பக்க அளவில் எழுதுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்து, பத்துப் பன்னிரண்டு படங்களை அதனோடு இணையுங்கள். ஒன்று மறவாதீர்: கதை பாட்டியுடையது. அவர் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டலாகாது. அவர் சொல்லாததைச் சேர்த்தலும் ஆகாது. முடிந்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்துங்கள்.