மணிக்கூட்டுக்குக் கீழே கடிக்கும் தோல்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குக் கொண்டுவரும் பொருட்களில் இப்போது ஸ்மார்ட் மணிக்கூடும் ஒன்று. நடந்த அடிகளை எண்ணும், இதயத்துடிப்பைக் காட்டும், இரவில் எத்தனை மணிநேரம் தூங்கினோம் என்று சொல்லும். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போய் வருகிறவர்களுக்கு அது உபயோகமான பொருள்தான். ஆனால் கட்டிச் சில வாரங்களில் மணிக்கட்டில் சிவந்த வளையம் ஒன்று வரும். கடிக்கும், எரியும், சிலருக்குச் சிறு கொப்புளங்களும் போடும். பலர் அதோடு மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், கீழே மின்னும் பச்சை வெளிச்சம் தோலை எரித்துவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

அந்த வெளிச்சத்தில் பிழையில்லை. தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தின் அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைவதை அளக்கும் மெல்லிய ஒளி அது. தோலைச் சுடும் வலு அதற்குக் கிடையாது. பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமானது: ஈரம். பழைய மணிக்கூட்டைத் தளர்வாகக் கட்டினோம், இரவில் கழற்றி மேசையில் வைத்தோம். இதையோ இறுக்கிக் கட்டி, அதோடு தூங்கி, அதோடு குளிக்கிறோம். வியர்வை, எண்ணெய், கழுவுப்படாத சவர்க்காரம் எல்லாம் பட்டிக்குக் கீழே தேங்குகின்றன. காற்றுப் படாமல் ஊறிய தோலில் பட்டி நாள் முழுக்க உரசுகிறது. சித்திரை வெயிலில் வன்னியில் வயல் வேலை செய்பவருக்கும், கடலுக்குப் போய் உப்புநீர் காய்ந்த கையோடு கரைக்கு வருபவருக்கும் இது இரட்டிப்பாகும். சிலிக்கன் பட்டிக்கு ஒவ்வாமை என்று பலர் நினைத்தாலும், சிலிக்கனுக்கே ஒவ்வாமை வருவது அரிது.

ஆனால் உண்மையான ஒவ்வாமையும் உண்டு. 2014 மார்ச் மாதம் ஃபிட்பிட் நிறுவனம் தனது 'ஃபோர்ஸ்' என்ற கைப்பட்டியைச் சந்தையிலிருந்து மீளப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 இலட்சம் விற்றிருந்த பொருள் அது. தோல் எரிச்சல் பற்றி ஏறத்தாழ 9,900 முறைப்பாடுகளும், கொப்புளம் பற்றிச் சுமார் 250 முறைப்பாடுகளும் வந்திருந்தன. துருப்பிடிக்காத உருக்கில் உள்ள நிக்கல், பாகங்களை ஒட்டும் பசையில் உள்ள மெதக்ரிலேட் போன்றவையே காரணமாக இருக்கலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. அப்பிள் நிறுவனமும் தன் மணிக்கூடுகள் சிலவற்றிலும் சில பட்டிகளின் காந்தங்களிலும் நிக்கல் இருப்பதையும், பசைகளில் அக்ரிலேட் சிறிதளவு இருப்பதையும் வெளிப்படையாகவே கூறுகிறது.

நிக்கல் ஒவ்வாமை நமக்குப் புதிதல்ல. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கும், காற்சட்டைப் பொத்தான் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே கடிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் அதுதான். தோலோடு நீண்ட நேரம் தொட்டிருக்கும் பொருளிலிருந்து கசியும் நிக்கல், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பாவின் சட்டம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத மணிக்கூட்டின் கொக்கி என்ன உலோகம் என்று அதை விற்பவருக்கே தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களில் எத்தனையோ பேர் மேசன் வேலைக்குப் போனார்கள். சீமெந்தில் உள்ள குரோமேற்றுக்கு ஒவ்வாமை வந்து, கைத்தோல் வெடித்துத் தடித்துப் போனவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். பெரும்பாலான தோல் பட்டிகள் குரோமியம் கொண்டு பதனிடப்பட்டவை. ரப்பர் பட்டி ஒத்துக்கொள்ளவில்லை, நல்ல தோல் பட்டி போடுவோம் என்று இவர்கள் மாற்றினால் நிலைமை மோசமாகலாம். துணிப்பட்டிதான் பாதுகாப்பு.

ஈரத்தால் வந்ததா, ஒவ்வாமையா என்று ஓரளவு நாமே பிரித்தறியலாம். பட்டி பட்ட இடம் முழுக்கப் பரவலாகச் சிவந்து, கழற்றிய சில நாட்களில் அடங்கினால் ஈரமும் உரசலும். கொக்கியின் அளவிலோ மணிக்கூட்டின் அடிப்பாகத்தின் அளவிலோ அச்சுப் போட்டதுபோல் தடித்து, கழற்றிய பிறகும் ஓரிரு நாட்கள் கூடிக்கொண்டே போய், மறுபடி கட்டியதும் அதே இடத்தில் வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். அந்தப் பொருளைத் தவிர்ப்பதுதான் ஒரே வழி.

எதுவானாலும் முதலில் கழற்றுங்கள். தோல் முற்றாக ஆறும்வரை கட்டவேண்டாம். வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றுப் பட விடுங்கள். டெட்டோல், தேசிக்காய், உப்புத்தண்ணீர் எல்லாம் புண்ணான தோலை இன்னும் எரிக்கும். பாமசியில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கலவைக் கிறீம்களிலும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றில் வலுவான ஸ்டீரொயிட் இருக்கும். வந்திருப்பது படையாக இருந்தால், அதாவது ஓரம் செதிலாகி வட்டமாகப் பெருகும் பங்கசுத் தொற்றாக இருந்தால், கடி அடங்கியதுபோல் காட்டிவிட்டு உள்ளே பரவும்.

ஆறிய பின் ஒரு விரல் நுழையும் தளர்வோடு கட்டலாம். உடற்பயிற்சியின்போது மட்டும் சற்று இறுக்கினால் போதும். குளிக்கும்போது கழற்றி, பட்டியைத் தனியாகக் கழுவிக் காயவிட்டுக் கட்டுங்கள். 24 மணிநேரமும் அது கையில் இருக்கவேண்டும் என்று எந்த வைத்தியமும் சொல்லவில்லை. சார்ஜ் ஏறும்போது ஒருபோதும் கையில் கட்டியிருக்கவேண்டாம். மணிக்கூடு திடீரெனச் சுட்டால் அது ஒவ்வாமை அல்ல, பற்றரியின் பிழை. 2022இல் அதே ஃபிட்பிட் நிறுவனம் 'அயோனிக்' மணிக்கூட்டைப் பற்றரி சூடாகிச் சிலருக்குத் தீக்காயம் ஏற்பட்டதால்தான் மீளப் பெற்றது.

நிறுவனங்கள் தரும் ஆலோசனைகளில் ஒன்று, கையை மாற்றி மாற்றிக் கட்டுங்கள் என்பது. இரண்டு கைகளும் நலமாக உள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய ஆலோசனை அது. இங்கே ஒரு கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இரு கைகளிலும் தீக்காயத் தழும்பு உள்ளவர்களும், மணிக்கட்டில் சன்னத்தோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். தழும்புத் தோல் சாதாரணத் தோல் அல்ல. ஆழமான தீக்காயத் தழும்பில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. அதனால் காய்ந்து, சிறு உரசலுக்கும் வெடிக்கும். நரம்பு அறுந்த இடமென்றால் அங்கே கடியோ எரிவோ தெரியாது. மற்றவர்களை எச்சரிப்பது அந்தக் கடிதான். அது இல்லாதவருக்குப் புண் ஆழமான பிறகே கண்ணில் படும். நீரிழிவும் சேர்ந்திருந்தால் ஆறுவதும் தாமதமாகும்.

ஆகவே தழும்பின் மேல் கட்டாதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் பகலில் சில மணிநேரம் மட்டும், மெல்லிய துணிப்பட்டியோடு. ஒவ்வொரு நாளும் கழற்றிக் கண்ணால் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பக்கத்தை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். ஒற்றைக் கையால் கட்டுவதற்குக் கொக்கியைவிட ஒட்டும் துணிப்பட்டி இலகு. அடி எண்ணுவதுதான் தேவையென்றால் சட்டைப் பையில் இருக்கும் ஸ்மார்ட் போனே அதைச் செய்யும்.

சன்னம் தங்கியுள்ள இடத்தின் மேல் பட்டி அழுத்தக்கூடாது. அந்த இடம் புதிதாகச் சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ மணிக்கூட்டில் பழிபோட்டு இருந்துவிடாதீர்கள். பல வருடங்கள் அமைதியாக இருந்த சன்னத்தைச் சுற்றியும் சீழ் கட்டலாம். அது சத்திரசிகிச்சைப் பிரிவில் காட்டவேண்டிய விடயம்.

செயற்கைக் கால் அணிகிறவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. மூடிய உறைக்குள் வியர்வையும் சவர்க்கார மிச்சமும் தங்கினால் என்ன நடக்கும் என்பது அவர்களின் அன்றாட அனுபவம். உறையைத் தினமும் கழுவி முற்றாகக் காயவைக்கும் அதே ஒழுங்குதான் மணிக்கூட்டுப் பட்டிக்கும்.

கொப்புளம் பெரிதானாலோ, சீழ் பிடித்தாலோ, சிவப்பு முழங்கைப் பக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கழற்றி இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், அதற்குக் காசில்லை. தேவையென்றால் ஒட்டுப் பரிசோதனைக்குப் பரிந்துரைப்பார்கள். சந்தேகமான பொருட்களைச் சிறு சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணிநேரம் கழித்து எடுத்து, பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள். கிளினிக்குக்குப் போகும்போது மணிக்கூட்டையும், பூசிய கிறீம்களின் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும், அந்தக் கையில் முன்பு காயம் பட்டிருந்தால் அதையும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.