ஊர் தேடும் பேருந்து – 11: கடைசி பஸ்ஸுக்கு எந்த வண்டி?

புது வண்டி வந்து நிற்கும் நாளில் பணிமனை கல்யாண வீடு மாதிரி இருக்கும். முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். சென்ற வாரம் அந்தப் பூசையோடு நிறுத்தியிருந்தோம். பழம் நசுங்கி வண்டி நகர்ந்ததுமே கிளை மேலாளரின் மேசையில் வேறொரு கணக்கு தொடங்கிவிடும். இதை எந்த வழித்தடத்தில் விடுவது? அங்கே ஓடிக்கொண்டிருந்த வண்டியை எங்கே அனுப்புவது? அது போய்ச் சேரும் தடத்தில் ஏற்கெனவே இருக்கிற வண்டியை என்ன செய்வது? ஒரு வண்டி வந்தால் மூன்று வண்டிகள் இடம் மாறும்.

மாறும் திசை ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். புதியது தொலைதூர மொபசலுக்குப் போகும். வசூல் அங்கேதான். முன்னும் பின்னும் தனியார் பஸ் ஓடும் சாலையில், பளிச்சென்று இருக்கும் வண்டியைப் பார்த்துத்தான் பயணி கை காட்டுவார். சில ஆண்டுகள் ஓடிக் களைத்ததும் அது பக்கத்து ஊர்த் தடத்துக்கு வரும். பிறகு டவுன் பஸ், பிறகு ஸ்பேர், கடைசியில் கண்டம். கேரளத்தில் இந்த இறக்கம் விதியிலேயே இருக்கிறது. வயது வரம்பைத் தாண்டிய வண்டி சூப்பர் ஃபாஸ்டாக ஓடக் கூடாது. அதனால் அது ஃபாஸ்ட் பாசஞ்சராகி, பின்னர் ஆர்டினரி ஆகும். இங்கே நடைமுறையே விதி.

இதற்குள் இன்னொரு சுவரும் உண்டு. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று தொடங்கிய கழகங்கள் பின்னர் பெருகின. 1997இல் தென்மாவட்ட சாதி மோதல்களையடுத்துத் தலைவர்களின் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது. பெயர் ஒன்றானதே தவிர, நிறுவனங்கள் ஒன்றாகவில்லை. இன்றைக்கு மாநகரம், விரைவு, இவை தவிர ஆறு கோட்டங்கள் என மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிக் கடன். ஒரு கோட்டத்தில் நல்ல வண்டி சும்மா நின்றாலும், மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் தவிக்கிற கிளைக்கு அது எளிதில் போய்ச் சேராது.

புதிய வண்டிகள் கூட்டியிருக்கும் சிக்கல் வேறு. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 தரம் கட்டாயம். பழைய லேலண்டின் நோயை இன்ஜின் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பி.எஸ்.6 வண்டியிலோ புகை வடிகட்டி, யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டி, வரிசையாக சென்சார்கள். கோளாறு எங்கே என்று கேட்கவே கருவியைச் செருக வேண்டும். அந்தக் கருவியும் பயிற்சியும் இல்லாத சிறு பணிமனைக்கு அனுப்பினால், ஒரு சென்சாருக்காக வண்டி நாள்கணக்கில் நிற்கும். ஆகவே ஒரே ரக வண்டிகளைப் பெரிய பணிமனையில் சேர்த்து வைப்பதே வசதி. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இதன் பிறகு சிறிய ஊருக்குப் பழையது மட்டுமே மிஞ்சுகிறது.

பழையது எவ்வளவு பழையதாக இருக்கலாம்? பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு இனிப் புதுப்பிக்கப்படாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்த வரம்புக்கு வெகுமுன்னரே பலகை உளுத்துவிடும். சேசிஸ் திடமாக இருக்கும்போதே கூண்டு போய்விடும். படிக்கட்டு, டயருக்கு மேலுள்ள வளைவு, இருக்கையின் கால் போல்ட் என்று துரு கீழிருந்து ஏறும். கடலோரக் கிளைகளில் உப்புக்காற்றால் இன்னும் வேகம். 2024 பிப்ரவரியில் சென்னை மாநகரப் பேருந்தில் தளம் பெயர்ந்து ஒரு பெண் ஓட்டை வழியே விழுந்தார். ஏப்ரலில் திருச்சியில் வண்டி வளைவில் திரும்பியபோது இருக்கை கழன்று, நடத்துநர் அதோடு சேர்ந்து சாலையில் போய் விழுந்தார். இருவரும் உயிர் தப்பினார்கள். எல்லா வண்டிகளையும் உடனே சோதிக்க உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதான்.

கூண்டை மட்டும் புதிதாகக் கட்டுவது நல்ல வழி. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 புதிய பேருந்துகளோடு 500 பழைய பேருந்துகளைப் புதுப்பிக்கவும் சேர்த்து 500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். மஞ்சள் நிறத்தில் வந்த வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2018 ஜனவரிக்குப் பிறகு கட்டணம் உயராத நிலையில், கழகங்கள் தம் வருமானத்தில் வண்டி வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. அரசு கொடுத்தால்தான் உண்டு.

எனக்கு ஆறாதது இதுதான். 2021 மே மாதம் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அதன்பின் அந்த வண்டிகளில் கூட்டம் தாங்கவில்லை. மொபசலிலிருந்து இறங்கி வந்த வண்டிகள் அவை. ஓய்வுபெறப்போகிற வண்டியின் தலையில்தான் அதிகச் சுமையை ஏற்றியிருக்கிறோம்.

இரவு தங்கும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நடையாக ஒன்பது, ஒன்பதரைக்கு ஊருக்குள் வரும். ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்து, விடியலில் முதல் நடை எடுப்பார்கள். பூக்கூடையும் கீரைக்கட்டும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் அதில்தான் ஏறுகிறார்கள். வசூல் குறைவு என்பதால் அதற்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் கிளையின் மூத்த வண்டி. பணிமனை வாசலிலேயே சுற்றும் தடத்தில் வண்டி படுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் ஸ்பேர் வந்துவிடும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆலமரத்தடியில், அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன வரும்? தள்ளிவிட ஊர்க்காரர்கள்தான் வருவார்கள்.

வண்டி ஒதுக்கும்போது வசூல் பதிவேட்டோடு தொலைவையும் பாருங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பணிமனைக்கு அருகில் ஓடும் தடங்களுக்குப் பழைய வண்டி போகட்டும். கோளாறு வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மெக்கானிக் இருக்கிறார். இரவு தங்கும் ஊர்களுக்கு, புத்தம் புதியது இல்லாவிட்டாலும், கூண்டு புதுப்பித்த நல்ல சேசிஸ் வண்டி போகட்டும். கிளைக்கு ஒன்றிரண்டை மாற்றினாலே, அந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் மணி அடிக்கும் முன் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

(தொடரும்)